வெள்ளையடித்த கைகள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம், சஃபோக் பகுதியில், வென்ஹாஸ்டன் என்று ஒரு சிற்றூர். அங்குள்ள இராயப்பர் கோயிலில், பலகைகளைச் சேர்த்து அதன்மேல் வரைந்த பொதுத்தீர்வை ஓவியம் ஒன்று இருக்கிறது. 1500ஐ ஒட்டிய ஆண்டுகளைச் சேர்ந்தது. வானவில்லின் மேல் கிறிஸ்து உட்கார்ந்திருக்கிறார். மாதாவும் ஸ்நாபக அருளப்பரும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். கீழே மிக்கேல் சம்மனசு தராசில் ஆன்மாக்களை நிறுக்க, பக்கத்தில் பேய் ஒன்று வழக்காடிக்கொண்டு நிற்கிறது. மோட்ச வாசலில் இராயப்பர் வரவேற்கும் கூட்டத்தில் ராஜா, ராணி, ஆயர், கர்தினால் எல்லாரும் பிறந்த மேனியாக நிற்கிறார்கள், தலையில் மட்டும் கிரீடமும் தொப்பியும். வலது ஓரத்தில் நரகம் ஒரு பெரிய மீனின் வாயாகத் திறந்து கிடக்கிறது. கைதேர்ந்த ஓவியனின் வேலை என்று சொல்ல முடியாது. ஆனால் பயமும் நம்பிக்கையும் உள்ளவன் வரைந்தது என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். என் கண் இவற்றில் எதிலும் நிலைப்பதில்லை. படத்தின் நடுவில் வண்ணமே படாத வெறும் மரம், சிலுவையில் தொங்கும் உருவத்தின் வெளிக்கோட்டில். அதன் இரு பக்கமும் நிற்கும் ஆட்களின் அளவில் இரண்டு வெற்றிடங்கள். அங்கே செதுக்கிய பாடுபட்ட சுரூபமும், மாதா சுரூபமும், அப்போஸ்தலர் அருளப்பர் சுரூபமும் இருந்தன. ஓவியன் அவற்றைச் சுற்றித்தான் தூரிகையை ஓட்டினான். பிறகு ஒருநாள் சுரூபங்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த படத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். மேலான அதிகாரங்களுக்கு எல்லாரும் கீழ்ப்படிய வேண்டும் என்று சின்னப்பர் ரோமருக்கு எழுதிய பதின்மூன்றாம் அதிகாரத்து வசனங்கள் அந்தப் பலகையில் ஏறின. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது வெறும் வெள்ளைப் பலகையாகவே இருந்தது. 1892இல் கோயிலைப் பழுதுபார்க்கும்போது பயனற்றதென்று கழற்றி வெளியே கல்லறைத் தோட்டத்தில் போட்டார்கள். இரவில் மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, உள்ளே இருந்த முகங்கள் வெளியே வந்தன.

இந்தக் கதையை மழையின் அற்புதமாகச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அந்த மழையைவிட அதற்கு முந்நூறு ஆண்டுகள் முந்தைய பகற்பொழுதுதான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏணியைச் சாத்தி, வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, மிக்கேலின் முகத்தில் முதல் இழுப்பை இழுத்தவன் யார்? லண்டனிலிருந்து வந்தவன் இல்லை. சுரூபங்களை விலக்கச் சொன்ன சீர்திருத்த அரசாணை லண்டனிலிருந்து வந்தது, விசாரிக்கும் ஆணையர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். ஆனால் சுண்ணாம்பு அடித்தவன் உள்ளூர்க் கூலியாள். அவனுக்குக் கூலி கொடுத்தவர்கள் அந்தக் கோயிலின் வார்டன்கள், அதாவது ஆண்டுதோறும் ஊரார் தேர்ந்தெடுக்கும் இரண்டு குடியானவர்கள். இங்கிலாந்தின் பல ஊர்களில் அந்தக் காலத்துக் கோயில் கணக்குகள் தப்பியிருக்கின்றன. சுரூபத்துக்கு வண்ணம் பூசிய செலவும், அதே சுரூபத்தை இறக்கிய செலவும் ஒரே கணக்கில், சில தாள்கள் தள்ளி, ஒரே நடையில் எழுதப்பட்டிருக்கும். இத்தனை ஷில்லிங், இத்தனை பென்ஸ். இடையில் ஒரு பெருமூச்சுக்குக்கூட இடம் விடாத வரிகள். சுரூபத்துக்கு விளக்கேற்றி வைத்த கைகளே அதை எடுத்தன என்பதை ஏற்றுக்கொள்வது எனக்குச் சிரமமாக இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு கொடியவன் செய்தான் என்றால் மனம் ஆறிவிடும். அந்த ஆறுதலைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

இந்தக் கோயில்கள் அவர்களுக்கு என்னவாக இருந்தன என்று தெரியாமல் அந்தச் சுண்ணாம்பின் கனமும் தெரியாது. சஃபோக் கரையில் கட்டடத்துக்கு ஏற்ற கல் கிடையாது. வயலை உழுதால் கிடைப்பது சிக்கிமுக்கிக் கல். அதைச் சுத்தியலால் சரியான கோணத்தில் தட்டிப் பிளந்தால் உள்ளே கருநீலக் கண்ணாடிபோல் பளபளக்கும் ஒரு முகம் தெரியும். அந்த முகத்தை வெளியே காட்டி, நல்ல சுண்ணக்கல்லை வெகுதொலைவிலிருந்து படகில் கொண்டுவந்து செதுக்கி, இரண்டும் ஒரே மட்டமாக இருக்கும்படி பதித்து, சுவரையே எழுத்தும் கோலமுமாக ஆக்கினார்கள். வென்ஹாஸ்டனிலிருந்து சில மைல் தள்ளிக் கடலோரத்தில் உள்ள வால்பர்ஸ்விக்கில் 1420களின் நடுவில் கோபுரம் கட்ட ஊரார் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. டன்விச் ஊரின் ரிச்சர்ட் ரசல், பிளைத்பர்க் ஊரின் ஆடம் பவுல் என்ற இரண்டு கொத்தர்கள். கோபுரம் டன்ஸ்டால் ஊர்க் கோபுரத்தைப் போல இருக்க வேண்டும், மேற்கு வாசல் ஹேல்ஸ்வர்த் கோயில் வாசலைப் போல நன்றாக இருக்க வேண்டும். கூலி ஒரு கஜ உயரத்துக்கு 40 ஷில்லிங். வேலை நடக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன். ஆளுக்கு ஓர் அங்கி. எனக்கு அந்த மீன் பீப்பாய் மிகவும் பிடிக்கும். கட்டடக்கலை வரலாற்று நூல்கள் வளைவுகளின் கூர்மையையும் சாளரங்களின் செங்குத்துக் கம்பிகளையும் வைத்து அக்காலக் கட்டடப் பாணிக்குப் பெயர் சூட்டுகின்றன. சாளரம் அகன்றுகொண்டே போய், சுவர் மெலிந்துகொண்டே போய், கடைசியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கிறோமோ என்று தோன்றுமளவு வெளிச்சம் புகுந்த காலம் அது. ஆனால் பணம் வந்தது கடலிலிருந்தும் கம்பளியிலிருந்தும். கொடுத்தவர்களை உந்தியது உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய அச்சம். செத்தபின் ஆன்மா வேகும் காலத்தைக் குறைக்க, உயிரோடிருப்பவர்களின் செபம் வேண்டும். செபிக்க வேண்டுமென்றால் பெயர் நினைவில் இருக்க வேண்டும். சஃபோக்கின் லாங் மெல்ஃபோர்ட் கோயிலில் கொடையாளர்கள் தங்கள் பெயர்களை மேல்சாளர வரிசையின் வெளிச்சுவரில், அந்தச் சிக்கிமுக்கிக் கற்களுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு எட்டாத இடத்தில் எழுத்தாகவே பதித்தார்கள். எங்கள் ஆன்மாவுக்காக மன்றாடுங்கள் என்று அந்தச் சுவர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அப்படி மன்றாடுவதை அரசு விலக்கிய பிறகும் அதை யாரும் பெயர்த்தெடுக்கவில்லை.

கணக்குகளில் என்னை அதிகம் அலைக்கழிப்பது இன்னொரு கோடியில், டெவன் பகுதியில், எக்ஸ்மூர் மேட்டின் ஓரத்தில் உள்ள மோர்பாத் என்ற ஊருடையது. முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள் கொண்ட ஏழை ஊர். கிறிஸ்டஃபர் ட்ரைக்கி என்ற பங்குச் சாமியார் 1520இல் அங்கே வந்தார். 1574இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். எட்டாம் ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று நான்கு ஆட்சிகள்; இரண்டு மூன்று முறை தலைகீழாகப் புரண்ட மதம்; ஒரே சாமியார். ஊரார் கூட்டத்தில் உரக்கப் படிப்பதற்காக அவர் தன் கைப்பட எழுதிய கணக்குகளை வைத்து ஈமன் டஃபி என்ற வரலாற்றாசிரியர் 2001இல் ஒரு நூல் எழுதினார். அந்த ஊர்க் கோயிலின் சொத்து ஆடுகள். ஒவ்வொரு புனிதரின் விளக்குக்கும் தனி நிதி, அந்த நிதிக்குத் தனி ஆடுகள். ஆடுகள் ஊரார் வீட்டுப் பட்டிகளில் பிரிந்து மேயும். வாலிபர்களுக்கு ஒரு நிதி, கன்னிப்பெண்களுக்கு ஒரு நிதி. எந்த வீட்டில் எந்தப் புனிதரின் ஆடு குட்டி போட்டது, எது செத்தது என்று எல்லாம் பதிவாகும். ட்ரைக்கிக்கு ஓர் ஆசை இருந்தது. இறந்தோர் பூசைக்குக் கறுப்புப் பூசையுடைகள் வாங்க வேண்டும். தனக்கு வரவேண்டிய கம்பளித் தசமபாகத்தை விட்டுக்கொடுத்து, சில்லறை சில்லறையாகச் சேர்த்து, ஏறக்குறைய இருபது ஆண்டு காத்திருந்து, 1547இல் வாங்கிவிட்டார். அந்த ஆண்டுதான் சிறுவன் எட்வர்ட் அரியணை ஏறினான். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இறந்தோர் பூசையே இல்லாமல் போனது. ஆடுகள் விற்கப்பட்டன, விளக்குகள் அணைந்தன, சுரூபங்கள் இறங்கின. எல்லாவற்றையும் அவரே கணக்கெழுதினார். அந்தக் கணக்கை ஊரார் முன் அவரே வாசித்தார். குரல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் யார் முகத்தை யார் பார்த்திருப்பார்கள்?

கீழ்ப்படிந்தவர்களைக் குறைசொல்வதும் நியாயமாகாது. 1549இல் புதிய செபப் புத்தகத்தை எதிர்த்து டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தன. மோர்பாத் ஊர் தன் செலவில் ஐந்து வாலிபர்களுக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்து எக்ஸிட்டர் நகருக்கு வெளியே இருந்த கிளர்ச்சியாளர் முகாமுக்கு அனுப்பியது. அரசனின் படை ஆயிரக்கணக்கானவர்களை வெட்டிச் சாய்த்தது. எக்ஸிட்டருக்கு வெளியே புனித தோமையார் கோயிலின் பங்குச் சாமியார் ராபர்ட் வெல்ஷை, அவருடைய பூசையுடைகளோடு, அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கிலிட்டுத் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்தவன், கேட்டவன் சுண்ணாம்பு கரைக்காமல் என்ன செய்வான்? அதே சமயம் அச்சம் ஒன்றே காரணமென்று முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. 1532இல், எந்தச் சட்டமும் வருவதற்கு முன், எசெக்ஸின் டோவர்கோர்ட் கோயிலில் பேர்போன பாடுபட்ட சுரூபத்தை நான்கு பேர் இரவில் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். மூன்று பேர் பிடிபட்டுத் தூக்கில் தொங்கினார்கள். அவர்களும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். மரத்தை வணங்குவது பாவம் என்று உயிரைக் கொடுக்குமளவு நம்பியவர்கள். பதினைந்தே ஆண்டுகளில் அவர்கள் செய்தது அரசாணையானது. செய்யாதவர்கள் தண்டனைக்கு அஞ்ச வேண்டியிருந்தது. ஆக, ஏணியில் நின்றவன் அச்சத்தில் அடித்தானா, நம்பிக்கையில் அடித்தானா, அன்றைய கூலிக்காக அடித்தானா, சுண்ணாம்பு காலம் மாறினால் கரையும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு அடித்தானா? நான்கும் ஒரே கையில் இருந்திருக்கலாம். அந்த வெள்ளையிலிருந்து மட்டும் இதைப் படிக்க வழியில்லை.

வெளியாளின் மேல் பழியைப் போடும் ஆசை எவ்வளவு வலியது என்பதற்கு வென்ஹாஸ்டனுக்கு அடுத்த பிளைத்பர்க் கோயிலே போதும். சதுப்புநிலத்தின் நடுவே, சாலையில் போகிறவர்களுக்கு வெகுதூரத்திலிருந்தே தெரியும் கட்டடம். உள்ளே போனால் முதலில் வெளிச்சம். பிறகு கழுத்து தானாக மேலே நிமிரும். தட்டையான மரக்கூரை, வெளுத்த தளத்தில் சிவப்பிலும் பச்சையிலும் பூக்கள், மங்கிப்போன இயேசு நாம எழுத்துகள். முகட்டின் நடுவில் இறக்கை விரித்த சம்மனசுகள் முதுகோடு முதுகாக, ஜோடி ஜோடியாக. தலைமுடி சுருள் சுருளாக இருக்கிறது. இறக்கையில் இறகு இறகாக உளி போயிருக்கிறது. கீழே நின்று பார்க்கிறவனுக்கு அந்தச் சுருள் தெரியாது என்று தச்சனுக்குத் தெரிந்தும் செதுக்கியிருக்கிறான். அந்தச் சம்மனசுகளின் உடம்பில் ஈய ரவைகள் புதைந்திருந்தன. 1640களின் உள்நாட்டுப் போரில் பாராளுமன்றத்தின் ஆணையோடு வந்து சிலைகளை உடைத்த வில்லியம் டௌசிங்கின் ஆட்கள் சுட்டவை என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். தூண்களில் உள்ள இரும்பு வளையங்களும் அவர்கள் குதிரை கட்டியவை என்று ஒரு பேச்சு. ஆனால் ரவைகளை ஆராய்ந்தபோது அவை பிந்தியவை என்று தெரிந்தது. 18ஆம் நூற்றாண்டில் கூரைக்குள் புகுந்த ஜாக்டா காக்கைகளைச் சுட்டு விரட்ட அந்தக் கோயில் வார்டன்களே பணம் கொடுத்திருக்கிறார்கள். தங்கள் சம்மனசுகளைத் தாங்களே சுட்டிருக்கிறார்கள், வேண்டுமென்று அல்ல, கூரையைக் காப்பாற்றுவதற்காக. வடக்குக் கதவில் கருகிய தடங்கள் இருக்கின்றன. 1577ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4இல் வழிபாட்டு நேரத்தில் பெரும் இடிமழை வந்து கோபுரத்தின் கூர்முனை சரிந்தது, ஒரு மனிதனும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். அன்று கறுப்பு நாய் உருவில் வந்த பேயின் நகத்தடம் என்று அந்தக் கதவைக் காட்டுகிறார்கள். இத்தகைய கருகல்கள் இங்கிலாந்தின் பழைய கதவுகளிலும் உத்தரங்களிலும் ஏராளம். பலவும் தீங்கை விலக்க மனிதர்களே மெழுகுவத்திச் சுடரைப் பிடித்து வேண்டுமென்றே இட்டவை என்பது இவற்றை ஆராய்கிறவர்களின் கருத்து. பேயும் டௌசிங்கும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்: உள்ளூர்க் கையை மறைக்கிறார்கள்.

டௌசிங் நிரபராதி என்று சொல்ல வரவில்லை. லாக்ஸ்ஃபீல்டில் பிறந்த சஃபோக் குடியானவர் அவர். மான்செஸ்டர் பிரபுவின் ஆணையை வாங்கிக்கொண்டு கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளில் ஊர் ஊராகப் போய், கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கட்டணம் வசூலித்து, எதை உடைத்தேன் என்று நாட்குறிப்பும் எழுதிவைத்தார். 1644ஆம் ஆண்டு ஏப்ரலில் பிளைத்பர்க் வந்தவர், சில படங்களையும் கல்லறைகளில் ஆன்மாவுக்காக மன்றாடச் சொன்ன வாசகங்களையும் உடைத்தார். கூரையிலிருந்து இருபது சம்மனசுகளை இறக்க வேண்டும், இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எட்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். உத்தரவு கொடுத்தார் என்ற இந்த இடத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். ஒரு தனியாள் ஒரு நாளில் அத்தனை ஊரின் படம் வரைந்த சாளரக் கண்ணாடிகளையும் உடைக்க முடியாது. மீதி வேலை ஊராருடையது. கண்ணாடிகளை அவர்கள் எடுத்தார்கள் என்றுதான் கொள்ள வேண்டும். பிளைத்பர்க்கின் அகன்ற சாளரங்களில் இன்று நிறமில்லாத வெளிச்சம் நிறைந்திருக்கிறது. கூரையின் சம்மனசுகளை இறக்கவில்லை. உயரம் காரணமா, செலவு காரணமா, மனம் வராததா? ஆணை ஒன்று, கைகள் அதே கைகள். ஒன்றைச் செய்தன, மற்றொன்றைச் செய்யவில்லை. அந்த உயரத்துக்கு ஏணி கட்ட ஆள் கிடைக்கவில்லை என்று யாரோ வார்டன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொல்லியிருந்தால், அந்த மனிதனுக்கு என் நன்றி உரியது.

நினைவைக் கையில் வைத்துக்கொண்டே வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். லாங் மெல்ஃபோர்டின் ரோஜர் மார்ட்டின், எலிசபெத் காலத்தில், தான் சிறுவயதில் பார்த்த கோயிலைப் பற்றி ஒரு நினைவுக்குறிப்பு எழுதினார். எந்தச் சுரூபம் எங்கே நின்றது, பரிசுத்த வாரத்தில் எங்கே யார் பாடினார்கள், கூரையில் என்ன பொன் நட்சத்திரங்கள் இருந்தன என்று. எழுதும்போது அந்தக் கோயில் அவர் கண்முன்தான் இருந்தது. அவர் எழுதிய எதுவும் அதில் இல்லை. பாடுகளைச் செதுக்கிய பழைய பீடப் பலகை ஒன்று தன் வீட்டில் சிதைந்த நிலையில் இருப்பதாகவும், தன் வாரிசுகள் அதைப் பழுதுபார்த்து ஒருநாள் திரும்பக் கோயிலில் வைப்பார்கள் என்று நம்புவதாகவும் குறிப்பிட்டார். அந்த நாள் வரவில்லை. மோர்பாத்திலும் மேரி அரசியாகிப் பழைய மதம் திரும்பிய பிறகு ஊரார் தங்கள் வீடுகளிலிருந்து சுரூபத் துண்டுகளையும் பலகைகளையும் கொண்டுவந்து கொடுத்ததை ட்ரைக்கி மகிழ்ச்சியோடு எழுதுகிறார். வீட்டில் ஒளித்துவைத்தவர்களும், கணக்கில் இறக்கிய கூலியை ஒப்புக்கொண்டவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. அந்த ஐந்தாண்டு மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 1561இல் எலிசபெத் அரசு, பாடுபட்ட சுரூபம் நின்ற மேடைகளை எல்லாக் கோயில்களிலும் இறக்கச் சொன்னது. மேடைக்கு ஏறும் படிக்கட்டு சுவருக்குள்ளேயே கட்டப்பட்டது என்பதால் பல ஊர்களில் அதை மட்டும் எடுக்க முடியவில்லை. இன்றும் ஒடுங்கிய வாசலில் நுழைந்து, முழங்கால் சுவரில் உரச நாலைந்து படி ஏறினால், வெற்றுவெளியைப் பார்த்துத் திறக்கும் ஒரு வாசலில் நிற்பீர்கள். படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கும். விளக்கேற்றப் போனவர்களின் கால்கள்.

இவற்றையெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் திருத்த வந்தவர்கள் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். நடுக்காலத்துக் கோயிலை அதன் தூய நிலைக்குத் திருப்புகிறோம் என்று, இடைப்பட்ட நூற்றாண்டுகளின் பூச்சையும் மரவேலையையும் கழித்துக்கட்டினார்கள். பல இடங்களில் சுண்ணாம்போடு அடியில் இருந்த ஓவியமும் போயிற்று. அந்தக் கோபத்தில்தான் வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். பிளைத்பர்க் பாழடைந்து 1881இல் மூடப்பட்டபோது, அதை எப்படிப் பழுதுபார்ப்பது என்று அந்தச் சங்கத்துக்கும் ஊர்ச் சாமியாருக்கும் பெரும் சச்சரவு நடந்தது. எந்த அடுக்கு உண்மையானது என்று தீர்மானிக்க நமக்கு உரிமை இல்லை என்ற மோரிஸின் பிடிவாதம், நான் இத்தனை நேரம் சுற்றிச்சுற்றி வரும் சங்கடத்துக்கு ஓரளவு பதில் சொல்கிறது. நார்ஃபோக்கில் பின்ஹாம் என்ற ஊரில், பழைய மடத்தின் நடுக்கூடமே ஊர்க்கோயிலாகத் தப்பியிருக்கிறது. பீடத்தை மறைத்து நின்ற மரத்தடுப்பின் பலகைகள் சில அங்கே உள்ளன. அவற்றில் புனிதர்களை வரைந்திருந்தார்கள். சீர்திருத்தத்தில் அவர்கள்மேல் வெள்ளை அடித்து, வெள்ளையின்மேல் 1539ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தின் வசனங்களைத் தடித்த கறுப்பு எழுத்தில் எழுதினார்கள். இப்போது வெள்ளை உதிர்ந்துகொண்டிருக்கிறது. எழுத்துகளின் இடையே ஒரு கன்னம், ஓர் ஒளிவட்டத்தின் விளிம்பு, ஒரு கை. புனிதரை முழுதாகக் காண எழுத்தைச் சுரண்ட வேண்டும். எழுத்தை முழுதாகப் படிக்கப் புனிதரை மறுபடி மூட வேண்டும். வரைந்தவனும் அந்த ஊருக்காக வேலைசெய்தவன், எழுதியவனும் அந்த ஊருக்காக வேலைசெய்தவன். இரண்டையும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அதுதான் சரி.